பழைய பேப்பர் செல்வராஜின் குரல்

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் நியூட்டன் நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. அணு ஆராய்ச்சியிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்களும் மனை வாங்கி வீடு கட்டிய இடம். அதனால் மனை விற்ற புண்ணியவான் தெருக்களுக்கெல்லாம் விஞ்ஞானிகளின் பெயரை வைத்தார். சாக்கடை வைக்க மறந்துவிட்டார். ஐப்பசி, கார்த்திகையில் ஆர்க்கிமிடிஸ் குறுக்குத் தெருவில் எல்லாப் பொருளும் மிதக்கும். பெயருக்கு ஏற்ப நடந்துகொண்ட ஒரே தெரு அதுதான்.

இந்த நகரின் குப்பை வரலாற்றை எழுத வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு தம்பதியை விட்டுவிட்டு எழுத முடியாது. புருஷன் பழைய பேப்பர் செல்வராஜ். பெண்டாட்டி வரலட்சுமி. வீட்டிலிருந்து விலைக்குப் போவதெல்லாம் அவர் கைக்கு. விலையில்லாமல் போவதெல்லாம் அவள் கைக்கு. ஆக, நியூட்டன் நகரிலிருந்து வெளியேறும் எந்தப் பொருளும் அந்த ஒரு குடும்பத்தைத் தாண்டாமல் போனதில்லை.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு நலச்சங்கம் கூடி, குப்பையைப் பற்றிப் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆழ்ந்து விவாதித்து, வீட்டுக்கு ஒரு பச்சை வாளியும் ஒரு சிவப்பு வாளியும் வழங்கியது. பச்சையில் மக்கும் குப்பை, சிவப்பில் மக்காத குப்பை. அணுவுக்குள் இருப்பதையெல்லாம் பிரித்துப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர்கள் வாழும் நகர். ஆனாலும் வாழைப்பழத் தோலும் பேனா ரீஃபிலும் ஒரே வாளியில் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தன. சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ணன் வீட்டில் பச்சை வாளி குளியலறைக்குப் போய்விட்டது. நல்ல வாளி, குப்பைக்கு எதற்கு என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

ஆகவே பிரிக்கும் பொறுப்பு வரலட்சுமியின் தலையில் இறங்கியது. காலையில் விசில் ஊதிக்கொண்டு மூன்று சக்கர வண்டியோடு தெருத் தெருவாகப் போவாள். பிறகு நகரின் பின்பக்கம், பூங்காவுக்கென்று ஒதுக்கி இன்றுவரை ஒரு பூவும் பூக்காத மனையில் எல்லாவற்றையும் கொட்டி உட்காருவாள். மக்குவது குழிக்குள் போகும். பாட்டிலும் பிளாஸ்டிக்கும் பஷீருதீன் பாயின் காயலான் கடைக்குப் போகும்.

அவள் விசில் ஓய்ந்த பிறகு செல்வராஜின் குரல் எழும்.

"பேப்பரே, பழே பேப்பரே! இரும்பு, ஈயம், பித்தாளே! பாட்டிலு, பால் கவரு, நோட்டு புக்கேய்ய்!"

அந்தக் கடைசி இழுப்பை விவரிக்க எனக்குச் சங்கீத ஞானம் போதாது. இழுப்பு முடிவதற்குள் ஒரு குடித்தனக்காரி அடுப்பைத் தணித்து, பரணில் ஏறி, பேப்பர்க் கட்டை இறக்கி, கதவைத் திறந்து வாசலுக்கு வந்துவிடலாம். வண்டி பஷீருதீன் பாயுடையது, தராசும் பாயுடையது. குரல் மட்டும்தான் செல்வராஜின் சொந்தச் சொத்து.

நடுப்பகலுக்கு முன் ஒரு தூக்கம் போடும் வழக்கமுள்ள கோபாலகிருஷ்ணன் ஒருநாள் கேட்டிலேயே நிறுத்திக் கேட்டார்.

"கொஞ்சம் மெதுவா கூவக்கூடாதாய்யா?"

"மெதுவா கூவுனா பேப்பர் வராது சார், நாய்தான் வரும்."

தலைவர் அதை ஒலி மாசு என்று அடுத்த கூட்டத்தில் பதிவு செய்தார். கூட்டம் கவலை தெரிவித்துவிட்டு டீ குடித்துக் கலைந்தது.

தொண்ணூற்றெட்டில் அந்தக் குரலில் கரகரப்பு விழுந்தது. மிளகு, பனங்கற்கண்டு, ஆடாதொடைக் கஷாயம் என்று தெருவுக்கு ஒரு வைத்தியம் கிடைத்தது. எல்லாவற்றையும் மரியாதையாகக் குடித்தார். கரகரப்பு வலியானது, வலி கட்டியானது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னை டாக்டர், உயிரைக் காப்பாற்றத் தொண்டையிலிருக்கும் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

செல்வராஜ் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப பேப்பருக்கு இன்னா சார் பண்றது?" என்றார்.

டாக்டர் படித்த படிப்பில் அந்தப் பாடம் இல்லை. பஷீருதீன் பாய்தான் வழி சொன்னார்.

"இன்னா மச்சான் இப்டி ஒக்காந்துகினே? எலக்சன்ல பேசறாங்களே, அல்லாரும் நேர்லயா வந்துகினு கீறாங்க? கேசட்டுதான். ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு முன்னாடி நீயும் ஒண்ணு பதிஞ்சுடு. வண்டில பேட்டரி வெச்சு நான் கட்டி தர்றேன்."

திருக்கழுக்குன்றத்தில் ஒரு மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் என்று எதற்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவருடையது. புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் போனார்கள். கடைக்காரர் செல்வராஜை மைக் முன்னால் நிற்கவைத்து, பட்டனை அழுத்தி, கையைக் காட்டினார். செல்வராஜ் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"கூவுங்க அண்ணாத்த."

"வரமாட்டேங்குதுபா. நின்னுகினு கூவி பழக்கமில்ல. வண்டி தள்ளுனாதான் சவுண்டு வரும்."

கடைக்காரர் யோசித்தார். சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று மூலையில் இருந்தது. அதைத் தள்ளச் சொன்னார். செல்வராஜ் அந்தப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து கூவினார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு கிழவி உண்மையாகவே இரண்டு பாட்டிலோடு வந்து நின்றாள்.

மைக்குக்குப் பக்கத்தில் வரும்போது குரல் பெரிதாகியது. மூலைக்குப் போகும்போது சின்னதாகியது. அது அப்படியே பதிவானது. மூச்சு வாங்கப் பெட்டியை நிறுத்தியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வரலட்சுமியைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னா லச்சுமி, போதுமா?"

"போதும் போதும். தண்ணி குடி."

அதற்குப் பிறகுதான் கடைக்காரர் பட்டனை நிறுத்தினார். பேச்சை வெட்டட்டுமா என்று கேட்கவுமில்லை. "ரொம்ப சோக்கா கீது" என்று சொல்லி, கேசட் நிறையும்வரை அதையே திரும்பத் திரும்பப் பதிந்து கொடுத்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் ஓட்டையோடும் அதன்மேல் துண்டோடும் செல்வராஜ் வேலைக்குத் திரும்பினார். நியூட்டன் நகரில் ஒரு விசித்திரம் தொடங்கியது. வண்டி வாசலிலேயே நிற்கும். குரல் மட்டும் தெருக்கோடிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் தெரு முழுக்க ஒரு கணவன் தன் மனைவியிடம் போதுமா என்று கேட்பான். போதும், தண்ணி குடி என்று அவள் பதில் சொல்வாள்.

சங்கம் இதைச் சாதாரணமாக விடவில்லை. குடும்ப உரையாடல் பொது வீதியில் ஒலிபரப்பாவது பண்பாடுதானா என்று ஆராய ஓர் உபகுழு அமைந்தது. உபகுழு ஆராய்ந்து, அல்ல என்றது. கோபாலகிருஷ்ணன் தாமே செல்வராஜை நிறுத்தி, அந்தக் கடைசித் துண்டை மட்டும் எடுத்துவிடும்படி எடுத்துச் சொன்னார். செல்வராஜுக்குப் போனது குரல்தான். காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் அன்று அதுவும் போய்விட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, தலைவரின் பேப்பர்க் கட்டை நிறுத்துப் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் நிலைமை வேறு. வரலட்சுமிக்குச் சண்டை போடுவதில் ருசியே போய்விட்டது.

"அந்தாள வைய ஆரம்பிச்சா, கேட்டுகினே ஒக்காந்துகினு கீறாரு. ஒரு வார்த்த திருப்பி வையமாட்டேங்குறாரு. எனுக்கே போரட்ச்சு பூடுது" என்று காயலான் கடையில் குறைப்பட்டுக்கொண்டாள்.

பாய் அதைச் செல்வராஜிடம் சொல்லிவிட்டார். மறுமுறை வரலட்சுமி ஆரம்பித்தபோது செல்வராஜ் எழுந்து வாசலுக்குப் போய், வண்டியில் இருந்த டேப்பை முடுக்கினார். பேப்பர், இரும்பு, ஈயம், பித்தளை எல்லாம் கூவி முடித்து, கடைசியில் குரல் கேட்டது: "இன்னா லச்சுமி, போதுமா?" அவள் சிரித்த சிரிப்பு காயலான் கடைவரை கேட்டதாகப் பாய் சொல்வார். அதன் பிறகு சண்டையெல்லாம் அப்படித்தான் முடிந்தது. ஊருக்கு அது வியாபார விளம்பரம். அந்த ஓர் அறை வீட்டில் புருஷன் பேசிய பேச்சே அது ஒன்றுதான்.

இரண்டாயிரமாம் ஆண்டு மழைக்காலத்தில் கட்டி திரும்பி வந்தது. இந்த முறை எடுப்பதற்குத் தொண்டையில் ஒன்றும் மீதியில்லை. கார்த்திகை முடிவதற்குள் செல்வராஜ் போய்விட்டார். நலச்சங்கம் மாலை அனுப்பியது. கூட்டத்தில் எழுந்து நின்று மௌனம் காத்தது. குரலற்ற ஒரு மனிதருக்கு மௌன அஞ்சலி செலுத்துவதில் ஏதோ இடறுவதாக யாருக்கும் படவில்லை.

வண்டி சும்மா நிற்கக்கூடாதே. பஷீருதீன் பாய் மதுராந்தகத்திலிருந்து அருணகிரி என்பவரை வேலைக்கு வைத்தார். நாற்பது வயது, ஒல்லி, கூச்ச சுபாவம். எறும்பைக் கண்டால் வண்டியை ஒடித்துப் போகிற மனிதர். அவர் கூவினால் அவருக்கே கேட்காது.

"கேசட்டையே போடு நைனா" என்றார் பாய். "அந்தக் கொரலுக்குதான் பேப்பர் வெளிய வரும். மவராசன், அவன் போனப்புறமும் சம்பாதிச்சு தர்றான்." சொல்லிவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செத்தவர் குரல் முதல் நாள் தெருவில் வந்தபோது ஆர்க்கிமிடிஸ் குறுக்குத் தெருவில் ஒரு குடம் விழுந்து நசுங்கியது. பெண்கள் வாசலுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மறுநாள் சன்னலிலிருந்து பார்த்தார்கள். அதற்கு மறுநாள், பேப்பர் சேர்ந்துபோயிருந்ததால், கட்டோடு வந்தார்கள். நியூட்டன் நகரின் துக்கம் அனுசரிக்கப்பட்ட முறை இதுவே.

வரலட்சுமியின் விஷயம் அப்படியில்லை. வண்டி பூங்கா மனையைத் தாண்டும் நேரத்தில் அவள் குழியருகே குப்பை பிரித்துக்கொண்டிருப்பாள். குரல் கேட்டதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மனையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். வண்டி போன பிறகுதான் வருவாள். தினமும் இதே. அருணகிரி பார்த்துக்கொண்டே போவார். பாவம், தாங்க முடியவில்லை, என்று நினைத்துக்கொள்வார். பார்த்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மனைக்குப் பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி டீச்சர் மட்டும் ஒருநாள் நேராகவே கேட்டார்.

"ஏம்மா வரலட்சுமி, அவ்ளோ கஷ்டமா இருந்தா பாய்கிட்ட சொல்லி அந்த கேசட்டை நிறுத்திடலாமே?"

வரலட்சுமி பதறிப்போனாள்.

"ஐயோ, அப்டி ஒண்ணும் பண்ணிடாதீங்க டீச்சரம்மா! கஷ்டம்னு யாரு சொன்னா? ரோட்ல நின்னுகினு கேட்டா அல்லாரையும் கேக்கற மாரி கீது. சொவுத்துக்கு பின்னாடி போனா என்னிய மட்டும் கேக்குறாரு."

"என்ன கேக்கறாரு?"

"போதுமான்னுதான். அப்பால நானும் போதும்னு சொல்லிட்டு, ஒரு வாய் தண்ணி குட்ச்சுட்டு வருவேன். அவுருக்குதான் குடிக்க முடியாதே."

டீச்சர் இது அவர்களுக்குள் இருக்கட்டும் என்று வேறு யாரிடமும் சொல்லவில்லை. வண்டியின் பேட்டரி இறங்கிய நாட்களில் செல்வராஜின் குரல் தடித்து, இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும். அன்றைக்கெல்லாம் வரலட்சுமி வேலி ஓரம் வந்து, "இன்னிக்கி அவுருக்கு சளி புட்ச்சிகினு கீது டீச்சரம்மா" என்று தகவல் சொல்லிவிட்டுப் போவாள். ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒருமுறை சிரிக்கவில்லை.

சங்கத் தலைவர் பண்பாட்டை மறக்கவில்லை. ஆள்தான் மாறிவிட்டாரே என்று அருணகிரியை நிறுத்திப் பேசினார். செத்துப்போனவர் பெண்டாட்டியிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு குடித்தனக்காரர்கள் சாப்பிட உட்கார முடியவில்லை என்றார். பிறகு, தம் வாழ்நாளில் சொன்ன மிகவும் இரக்கமான வார்த்தையாக, "அந்தம்மாவை நினைச்சுப் பாருய்யா. தினம் அதை அவ காதுல போட்டுக்கிட்டு. உனக்கு மனசாட்சி இல்லையா?" என்றார்.

அருணகிரிக்கு மனசாட்சியைத் தவிர வேறு சொத்து கிடையாது. அன்றைக்கே அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலுக்கு விட்ட விடுமுறையில் யாரிடமும் சொல்லாமல், தன் கைக்காசில், கேசட்டை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் போனார்.

விடுமுறை முடிந்து வண்டி கிளம்பிய நாள். குரல் கேட்டதும் வரலட்சுமி வழக்கம்போல எழுந்து சுவருக்குப் பின்னால் போனாள். பேப்பர், இரும்பு, ஈயம், பித்தளை. நோட்டு புக்கின் நீண்ட இழுப்பு. அடுத்த நொடியே மறுபடியும் பேப்பர்.

பேட்டரிக் கோளாறு என்று நினைத்திருப்பாள். அடுத்த சுற்று வரைக்கும் நின்றாள். அதற்கடுத்த சுற்று வரைக்கும் நின்றாள். பிறகு சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மனையைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் சேர்ந்து, ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு நடந்தாள். தெரு முனைவரை நடந்தாள்.

அருணகிரியின் முகம் மலர்ந்தது.

"கேட்டியாக்கா? அந்தப் பேச்ச எட்த்துட்டேன். நீ தெனம் மூஞ்சிய திருப்பிகினு போறத பாத்து எனுக்கு மனசே ஆவல. தலைவரு கூட சபாஷ்னாரு. இனிமே உனுக்கு ஒரு பேஜாரும் இல்ல."

வரலட்சுமி அவரைத் திட்டுவாள் என்று யாரேனும் எதிர்பார்த்தால் அது தவறு. அவள் அவசரமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எட்த்தத எங்கப்பா போட்டே?"

அவள் கேட்டதில் கிறுக்குத்தனம் எதுவுமில்லை. ஜெஸ்ஸி டீச்சரின் மூக்குத்தி அரிசி களைந்த தண்ணீரோடு போனது, குழியில் கிடைத்தது. எங்கள் தலைவரின் பல்செட்டை அவர் வீட்டு விசேஷத்தில் எச்சில் இலையோடு சேர்த்து மடித்து எறிந்தார்கள். அதையும் வரலட்சுமிதான் எடுத்து, கழுவி, காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எறிந்தது எங்கேயாவது கிடக்கும். தேடினால் கிடைக்கும். மக்குவதாக இருந்தால்கூட அதற்கு நாளாகும். அவள் அறிந்த உலகத்தில், இல்லாமல் போவதற்கென்று ஒரு வாளி கிடையாது.

"கடைலதான்கா எட்த்தாரு" என்றார் அருணகிரி, ஒன்றும் புரியாமல்.

"வா, போலாம்."

வண்டியை டீச்சர் வீட்டு கேட்டோரம் நிறுத்திவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அவள் சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்து வந்தாள். தான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டோம் என்பது மட்டும் அருணகிரிக்குப் போகப் போகத் தெரிந்தது. என்ன தப்பு என்றுதான் புரியவில்லை.

மைக்செட் கடைக்காரர் ஆதியோடந்தமாக விளக்கினார். கூவுவதை மட்டும் வேறொரு கேசட்டில் எடுத்து, திரும்பவும் இதே கேசட்டில் பதிந்துவிட்டார். பழையதன் மேலேயே புதியது ஏறிவிட்டது. முதலில் பதிந்த மூலக் கேசட்டில் எப்போதோ ஒரு கல்யாண நாகஸ்வரம் ஏறிவிட்டது.

"அது சரிபா. அழிச்சியே, அது எங்க வுழுந்துச்சு?"

"அது எங்கயும் வுழாதுக்கா. மேல பதிஞ்சா அப்டியே பூடும்."

"பூடும்னா? எங்க பூடும்?"

இந்தக் கேள்வியை நியூட்டன் நகரில் கேட்டிருந்தால் ஓர் உபகுழு அமைத்திருப்பார்கள். கடைக்காரர் தனி மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"உன் குப்ப தொட்டி எங்க கீது?"

மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார். வரலட்சுமி தரையில் உட்கார்ந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிரிக்க ஆரம்பித்தாள். டீ கப் ஒரு பக்கம். ஒயர்த் துண்டு ஒரு பக்கம். சிகரெட் அட்டை ஒரு பக்கம். அடியில், பழுப்பு நிறத்தில், சிக்கலும் முடிச்சுமாக ஒரு கைப்பிடி கேசட் நாடா. அவள் கை நின்றது.

அருணகிரி கடைக்காரரைப் பார்த்தார். ஆமென்று சொல்லும்படி கண்ணாலேயே கெஞ்சினார். கடைக்காரரும் வாயெடுத்தார். பிறகு, ஏனோ, முடியவில்லை.

"அது வேறக்கா. யாரோ வளகாப்புல பதிஞ்சது. மிசின்ல சிக்கி அறுந்துடுச்சு."

வரலட்சுமி அதைக் கீழே போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தாள். கசங்கிய இடங்களை விரலால் நீவினாள். நாடா முழுவதையும் கையில் சுற்றி, வட்டமாக்கி, எழுந்து, பெட்டியில் போடாமல் மேசைமேல் வைத்தாள்.

"யார் வூட்டுதோ" என்றாள். "தேடிகினு வந்தாங்கன்னா குட்த்துடுப்பா."